படியும் பேரேடும்: நூறாண்டுகளுக்கு முந்தைய ஒரு கடைவீதி

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இந்த அவையில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் கடை வைத்திருப்பவர்கள். அல்லது கடை வைத்திருந்தவர்களின் மக்கள். வணிகத்தைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தார்கள். கொடுக்கல் வாங்கலின் சட்டங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால் கேட்போர் தலையசைப்பார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் மறந்துவிடுவார்கள். எனவே, ஒரு நூற்றாண்டுக்கு முன்பு நம் தமிழகத்தின் நாட்டுப்புற நகரம் ஒன்றில் கடைவீதி எவ்வாறு நடந்தது, அங்கே யார் எதை அறிந்திருந்தார், யார் எதை அறியாதிருந்தார் என்பதை முதலில் பார்ப்போம். மார்க்கச் சட்டம் அந்தக் கடைவீதியின் எந்தெந்த இடத்தில் வந்து நிற்கிறது என்பது தானே விளங்கும்.

நான் எடுத்துக்கொண்ட ஊர் விருதுபட்டி. இன்றைய விருதுநகர்தான், 1923ஆம் ஆண்டில் பெயர் மாறியது. ஆறு பாய்ந்து வளம் கொழித்த ஊரன்று அது. சுற்றிலும் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. விளைவது பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், மல்லி. இருந்தும் அவ்வூர் தென்தமிழகத்தின் பெரிய வணிகத்தலங்களுள் ஒன்றாயிற்று. விளைந்ததால் வளர்ந்த ஊர் என்பதைவிட, விளைந்ததை வாங்கி விற்றதால் வளர்ந்த ஊர் என்பதே பொருந்தும்.

இரயில் வருவதற்கு முன்பு அப்பகுதி வணிகர்கள் மாட்டுவண்டிகளில் சரக்கேற்றிக் கூட்டமாகவே பயணம் செய்தனர். வழிப்பறி அச்சம் அத்தகையது. வழியிலுள்ள ஊர்களில் மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்து, வண்டிகளையும் மாடுகளையும் சரக்குகளையும் அங்கே நிறுத்திப் பாதுகாத்தனர். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நாடார் சமூகத்து வணிகர்கள் இவ்வாறே காலூன்றினர். கோயிலுக்குள் நுழையவும் அனுமதி மறுக்கப்பட்டிருந்த சமூகம் அது என்பதை நினைவில் வைத்தால்தான் அவர்கள் செய்து காட்டியதன் அளவு நமக்குப் புரியும். 1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. விருதுபட்டி அந்தப் பாதையில் அமைந்த ஊர். அதன் பின்பு கரிசல் பருத்தி வண்டியேறி வந்து, இரயிலேறித் தூத்துக்குடி சென்று, கப்பலேறிற்று. தூத்துக்குடியில் ராலி, வால்கார்ட் போன்ற அயல்நாட்டுக் கம்பெனிகள் வாங்குவதற்குக் காத்திருந்தன.

இப்போது அந்தக் கடைவீதிக்குள் நுழைவோம்.

அக்காலத்து நாணயத்தை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. ஆக, ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. மூன்று தம்பிடி சேர்ந்தால் காலணா. நூறு பைசா கொண்ட ரூபாய் 1957 ஏப்ரலில்தான் வந்தது. கிராமத்திலிருந்து வரும் ஏழைக் குடும்பம் ரூபாயைக் கையில் காண்பதே அரிது. காலணாவுக்கு உப்பு, காலணாவுக்கு மிளகாய், அரையணாவுக்கு நல்லெண்ணெய் என்று அன்றாடத் தேவைக்கு அன்றன்று வாங்குவார்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று; மொத்தமாக வாங்கப் பணமில்லை. ஏழைக்கே பொருள் விலை கூடுதல் என்பது இன்றைக்கும் நாம் கண்ணால் காண்பது.

வெளிநாட்டுச் சரக்கும் அந்தக் கடைகளில் இருந்தது. மண்ணெண்ணெய் தகர டின்களில் வந்தது. விளக்கெண்ணெய் விளக்குகள் மெல்ல மெல்ல விடைபெற்றன. காலியான டின்னைக்கூட வீணாக்காமல் தண்ணீர் எடுக்கவும் தானியம் போட்டு வைக்கவும் விலைக்கு வாங்கினார்கள். மல் துணி இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளிலிருந்து வந்தது. தீப்பெட்டி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. பக்கத்து ஊராகிய சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923இல்தான் தொடங்கிற்று. நம் பகுதியில் விளைந்த பருத்தி கடல் கடந்து போக, கடல் கடந்து வந்த துணியை நாமே வாங்கி உடுத்தினோம்.

பெரியோர்களே! இனி அளவைக்கு வருகிறேன். என் பேச்சின் நடுப்பகுதி இதுதான்.

முகத்தலளவையில் எட்டு ஆழாக்கு ஒரு படி. நான்கு உழக்கு ஒரு படி. இரண்டு உரி ஒரு படி. வாய்பாட்டில் எல்லா ஊருக்கும் இதுவே. ஆனால் அந்தப் படி எவ்வளவு பெரியது? அது ஊருக்கு ஊர் மாறியது. பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி என்று பெயர்களும் மாறின. நிறுத்தலளவையில் 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. 20 மணங்கு ஒரு கண்டி. இதிலும் ஊர் வழக்கு, சரக்கு வழக்கு என்று வேறுபாடுகள். நாடு முழுவதற்கும் ஒரே அளவை என்னும் சட்டம் 1956இல்தான் பிறந்தது. அதுவரை, படியை வைத்திருப்பவன் கையில்தான் நியாயமும் இருந்தது.

ஒரே படியைக்கூட இருவிதமாக அளக்கலாம். தலைதட்டி அளந்தால் ஓர் அளவு. குவித்து அளந்தால் வேறோர் அளவு. தானியத்தைப் படியில் மெல்லச் சரித்தால் ஓர் அளவு. குலுக்கி அழுத்தினால் வேறோர் அளவு. பணமில்லாத வீட்டுப் பெண்கள் கூலியாகக் கிடைத்த தானியத்தையோ பருத்தியையோ மடியில் கட்டிக்கொண்டு வந்து, கடையில் கொடுத்து, மாற்றாக உப்பும் புளியும் வாங்கிய காலம். அவள் கொண்டுவந்ததைக் குவித்து வாங்கி, அவளுக்குக் கொடுப்பதைத் தலைதட்டிக் கொடுத்தால், பொய் சொல்லாமலே ஏமாற்றிவிடலாம். படியும் ஒன்றே, வாய்பாடும் ஒன்றே. கை மட்டும் வேறு. திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்துக்கு இந்தக் கைக்காரர்களின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது: அல்முதஃப்பிஃபீன், அதாவது அளவில் மோசடி செய்வோர். வாங்கும்போது நிறைவாகவும் கொடுக்கும்போது குறைவாகவும் அளக்கும் அதே செயலைத்தான் அது கண்டிக்கிறது. ஓதும்போது பழங்காலத்து அரபுநாட்டுச் செய்தி போலத் தோன்றும். தூத்துக்குடி இரயில் பாதையிலும் அதுவே நடந்தது.

அளக்கும்போது ‘ஒன்று’ என்று தொடங்காமல் ‘லாபம்’ என்று தொடங்கி, அடுத்து ‘இரண்டு’ என்று எண்ணும் வழக்கம் நம் ஊர்களிலும் இருந்தது, மூத்தோர் அறிவீர்கள். நற்சொல்லால் தொடங்குவதில் குற்றமில்லை. அந்த லாபம் இரு தரப்பாருக்கும் எண்ணப்பட்டதா என்பதே என் கேள்வி. கடைசியில் ஒரு பிடி கொசுறு போட்டுவிட்டால் வாடிக்கையாளர் மனம் குளிர்ந்து போகும். அளவில் எடுத்ததைக் கொசுறில் திருப்பிக் கொடுத்துப் பாராட்டும் பெற்றவர்கள் இருந்திருப்பார்கள். நேர்மையாக அளந்து, அதற்கு மேலும் கொசுறு போட்டவர்களும் இருந்தார்கள். அவர்களால்தான் கடைவீதி நிலைத்தது.

சில்லறைக் கடையை விட்டு மண்டிக்கு வருவோம். அங்கேதான் பெரிய பணம் புரண்டது.

பருத்தி விவசாயி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வைகறையில் நகரத்துக்கு வந்து சேருகிறான். சில வேளைகளில் நகரத்துக்குள் நுழையுமுன்பே சாலையில் தரகர் எதிர்கொண்டு விலை பேசி முடித்துவிடுவார். மண்டிக்கு வந்த பிறகும் பேரம் வெளிப்படையாக நடப்பது அரிது. துண்டுக்குள் கையை மறைத்து, விரலைத் தொட்டு விலை பேசும் முறையை நீங்கள் மாட்டுச் சந்தைகளில் பார்த்திருக்கலாம். அந்த விரல்களுக்கிடையே என்ன விலை பேசப்பட்டது என்பது சரக்குக்குச் சொந்தக்காரனுக்கே தெரியாமல் போனதுண்டு.

அவன் அறியாத இன்னொன்றும் உண்டு. பருத்தியின் விலை கரிசல் காட்டில் நிர்ணயிக்கப்படவில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரச் சந்தையில் அது ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கம் தந்தி வழியே துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து உள்ளூர் வணிகருக்கு எட்டியது. இரவெல்லாம் வண்டியோட்டி வந்தவனுக்கு எந்தத் தந்தியும் வரவில்லை. விலையை அறிந்தவர் ஒருவர், அறியாதவர் ஒருவர். இருவரும் மனமொப்பி வியாபாரம் செய்தார்கள் என்று ஏட்டில் எழுதப்படும்.

அன்புச் சகோதரர்களே, ஃபிக்ஹு நூல்களில் ‘தலக்கிர் ருக்பான்’ என்றொரு பாடம் வருகிறது. சரக்குக் கொண்டுவரும் வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தைக்கு வந்து சேருமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதைப் பற்றியது. நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கப்பட்டுவிட்டால், சரக்குடையவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பிறகு அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பதும் ஹதீஸில் வந்திருக்கிறது. மத்ரஸாவில் இதை ஓதும் காலத்தில் ஒட்டகக் கூட்டமே எங்கள் மனக்கண்ணில் நிற்கும். விருதுபட்டிச் சாலையில் வைகறையில் நிறுத்தப்பட்ட மாட்டுவண்டிக்கும் அதே சட்டம்தான்.

இதற்கு அடுத்து வருவது, கிராமத்தானுக்காக நகரத்தான் விற்றுக்கொடுப்பது பற்றிய தடை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இதைத் தரகு வேலை என்று விளக்கினார்கள். இங்கே இமாம்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. எல்லாத் தரகும் கூடாது என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். இந்த அவையிலேயே தரகுத் தொழில் செய்வோர் இருக்கிறீர்கள். தெரிந்த கூலிக்கு, இரு தரப்பாருக்கும் தெரியும்படி உழைப்பவரை யாரும் குறை சொல்லவில்லை. விற்பவனிடமும் கூலி, வாங்குபவனிடம் அவனறியாத கூலி என்று துண்டுக்குள் நடப்பதைத்தான் சொல்கிறேன்.

முன்பணம் என்ற ஒன்றையும் விட்டுவிட முடியாது. விதைப்புக் காலத்தில் விவசாயியிடம் பணமில்லை. வணிகர் கொடுத்தார். அறுவடையானதும் சரக்கை அவரிடமே கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. விலை? அது அப்போது பார்த்துக்கொள்ளலாம். அப்போது பார்த்தால், கடன்பட்டவன் எந்த விலைக்கு மறுப்புச் சொல்வான்? வட்டி என்ற பெயரே இல்லாமல் வட்டி விலைக்குள் ஒளிந்துகொண்டது.

மதீனாவிலும் மக்கள் ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்கும் முன்கூட்டியே பணம் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஒழிக்கவில்லை. விவசாயிக்குப் பணம் தேவை என்பதை அறிந்திருந்தார்கள். அளவு தெரிந்ததாக, எடை தெரிந்ததாக, தவணை தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று வரம்பிட்டார்கள். ‘ஸலம்’ எனப்படும் அந்த வியாபாரத்தில் விலை முழுவதும் பேசும்போதே கையில் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்ட அறிஞர்களின் நிபந்தனை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரிசல் காட்டு முன்பணத்தில் தொகை மட்டுமே தெரிந்தது. விலையும் அளவும் பிறகு ஒருவர் கையில் விடப்பட்டன.

அந்தக் கணக்கை எழுதியது யார்? கடையின் கணக்குப்பிள்ளை. அன்றன்று நடந்தது சிட்டையில் ஏறும். பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏறும். நூற்றுக்குப் பத்துப் பேர்கூட எழுதப் படிக்க அறியாத காலம் அது. கடன்பட்டவர் பெருவிரல் ரேகையைப் பதித்துவிட்டுப் போவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொண்டார். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அதில் ஒரு நுட்பத்தைப் பலரும் கவனிப்பதில்லை. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர். அவர் சொல்ல, எழுத்தர் நீதியாக எழுத வேண்டும். அவருக்குச் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். பலவீனமானவரின் வாயிலிருந்து கணக்குத் தொடங்க வேண்டுமென்பது ஏற்பாடு. கடைவீதியில் அது தலைகீழாக இருந்தது. நம்மவர் நடத்திய கடைகள் மட்டும் இதற்கு விலக்காக இருந்தன என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

முதல் உலகப் போர்க்காலத்தில் இந்த அமைப்பு முழுவதும் ஆட்டம் கண்டது. துணியும் மண்ணெண்ணெயும் விலையேறின. வெள்ளி தட்டுப்பட்டதால் 1917இன் இறுதியில் அரசாங்கம் ஒரு ரூபாய்க் காகித நோட்டை வெளியிட்டது. வெள்ளியைத் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகிய மக்கள் காகிதத்தை நம்பவில்லை. பல இடங்களில் வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றிக் கொடுத்தார்கள். 1918இல் மழையும் பொய்த்தது. சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் தானியக் கடைகளை மக்கள் சூறையாடினார்கள். கொள்ளை கொள்ளைதான், அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் தானியம் கிட்டங்கியில் பூட்டிக் கிடக்க, வெளியே அடுப்பெரியாத வீடுகள் இருந்தன. ‘இஹ்திகார்’ எனும் பதுக்கலை மார்க்கம் ஏன் பாவமாக்கியது என்பதற்கு அந்த ஆண்டே போதுமான விளக்கம்.

குறைகளையே சொல்லிக்கொண்டிருப்பதாக எண்ணாதீர்கள். விருதுபட்டி வணிகர்கள் செய்த ஒரு காரியத்துக்காகவே அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் மகமை. பேட்டைக்கு வந்து விற்கப்படும் சரக்கின் மீது, மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்குச் செலுத்தினார்கள். தொகை சிறிது; மூட்டைகளோ ஏராளம். அந்தப் பொது நிதியிலிருந்து 1889இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினார்கள். வீடுதோறும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துக் கல்விக்குக் கொடுக்கும் பிடி அரிசித் திட்டமும் அவ்வூரில் இருந்தது. அந்த வித்தியாசாலையில் படித்துப் பாதியில் நிறுத்தி, மாமாவின் துணிக்கடையில் நின்ற சிறுவர்தான் பிற்காலத்தில் முதலமைச்சரான காமராசர். 1921இல் அச்சமூகத்தார் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். 1962 முதல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி.

மாற்றுச் சமூகத்தாரிடம் நல்லதைக் கண்டால் வாய்விட்டுச் சொல்வதில் நமக்குத் தயக்கம் வேண்டாம். ஆண்டுக்கொரு முறை ரசீதுப் புத்தகத்தோடு கடைகடையாக ஏறி இறங்கும் நம் நிர்வாகிகளின் சிரமத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூட்டையோடு நிதியும் நகர்ந்ததால் அவர்களுக்கு அந்தச் சிரமம் குறைவு. நன்றாக விற்ற ஆண்டில் நிதி பெருகும். பஞ்ச ஆண்டில் யாரையும் நெருக்காது.

ஆயினும் ஒரு கேள்வியைக் கேட்காமல் மேலே செல்லக்கூடாது. மூட்டையின் மீது விதித்த தொகையைக் கொடுத்தது யார்? வணிகர் தம் லாபத்திலிருந்து கொடுத்தால் அது அவருடைய கொடை. விவசாயிக்குச் சேர வேண்டிய விலையில் கழித்துக்கொண்டு கொடுத்தால்? இந்தியாவின் பல சந்தைகளில் இவ்வாறே நடந்தது. 1926இல் நியமிக்கப்பட்டு 1928இல் அறிக்கை அளித்த வேளாண்மை ராயல் கமிஷன், விவசாயியின் பணத்திலிருந்து சந்தையில் கழிக்கப்பட்டவற்றை எடுத்துக்காட்டியது. தரகு, எடைக்கூலி, மாதிரிக்கென்று அள்ளிக்கொண்டது, இவற்றோடு தர்மத்துக்கென்று பிடித்ததும் அவற்றில் இருந்தது. கொடுத்தவன் பெயர் தெரியாத தர்மம். பெயர் பெற்றவர் கொடுக்காத தர்மம். பிறருடைய பொருளை அவருடைய மனப்பூர்வமான சம்மதமின்றி எடுத்துச் செய்யும் கொடை ஸதக்கா ஆகாது. பள்ளிவாசலுக்கே கொடுத்தாலும் ஆகாது. நம் வணிகர்களும் இப்படியொரு நிதியைத் தொடங்க வேண்டுமென்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தொடங்குங்கள். தொகை யார் கணக்கில் பற்று எழுதப்படுகிறது என்பதைப் பேரேட்டைப் பார்த்து எனக்குக் காட்டிய பிறகு தொடங்குங்கள்.

இறுதியாக ஒரு செய்தி. அந்த நாட்டுப்புறச் சந்தைகளைச் சீர்செய்ய 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936இல் திருப்பூரில் பருத்திக்காகத் திறக்கப்பட்டது. சந்தையை நடத்தும் குழுவில் வணிகர்களோடு விளைவிப்போரும் அமர்ந்தார்கள். தரகரும் எடை போடுபவரும் உரிமம் பெற வேண்டும். அனுமதிக்கப்படாத கழிவுகள் எதையும் பிடிக்கக் கூடாது என்றாயிற்று. எடை எல்லோர் கண்முன்னும் போடப்பட்டது. வண்டியோட்டி வந்தவர் தம் பருத்தியின் எடையைத் தாமே நின்று பார்த்தார்.